நடு வாவியில் மெதுவாக

மண்டூர் போகும் படகில் இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நிற்கிறேன். நாடு நாடாகச் சுற்றிப் படம் கீறிய என் அக்கா, ஊருக்கு வந்தால் இந்த வாவியைக் கீறாமல் திரும்பமாட்டாள். வண்ணக்கறை படிந்த அவளுடைய துணிப்பை இப்போது என் தோளில். நடு வாவியில் படகு மெதுவாகிறது.

"என்ன அண்ணன், எஞ்சின் பிழையா?"

"இல்ல புள்ள," என்கிறார் படகோட்டி. "கீறி முடிக்குமட்டும் மெதுவாப் போகச் சொல்லுவா உங்கட அக்கா. அந்தப் பையக் கண்டதும் கை தன்பாட்டில வேகத்தக் குறைச்சிட்டுது. இப்ப எந்த நாட்டில நிக்கிறா?"

"அக்கா செத்துப்போயிட்டா, அண்ணன்."

அவர் எஞ்சினை முடுக்கவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று படகில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அக்கரை வரைக்கும் அப்படியே மெதுவாகப் போகிறோம்.