அக்கா வேண்டாமென்ற காடு

ரங்கூனின் தாமுவே சந்தையில் சத்யபாமாவின் தோசைக்குத் தனி மவுசு. அதைக் கேள்விப்பட்டுத்தான் நான்கு வருடங்களுக்கு முன், வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் இக்பால் அவளைத் தேடி வந்தார். செக் நாட்டு விடுதி ஒன்றில் சமையல் வேலை.

"ஊரு காட்டுக்குள்ளம்மா. மொத்தமே முப்பது வீடு."

காடு என்றதும் அவளுக்கு அப்பா நினைவு வந்துவிட்டது. தேக்கு வெட்டப் போனவர் மலேரியாவோடு திரும்பி ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தார். "நான் மாட்டேன். தங்கச்சிய அனுப்புறேன்" என்று இந்துமதியைத் தள்ளிவிட்டாள். தனக்கு ஆகாத காடு தங்கைக்கு ஆகுமா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. ரசத்துக்கு உப்புப் போடத் தெரியாத இந்துமதி போனாள்.

இப்போது செல்போனில் அந்தக் காட்டைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. மலைச்சரிவில் ஊசியிலை மரங்கள், நடுவே ஓர் ஓடை, கரையோரம் ஓட்டு வீடுகள். புலியும் இல்லை, மலேரியாவும் இல்லை. கரண்ட் போவதே இல்லையாம். காட்டுக்குள் நேரம் தவறாமல் பஸ் வேறு வருகிறதாம். இங்கே தன்லியின் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு அவள் நிற்காத நிற்பா!

இந்துமதி ஊர்க்கதையையும் விடமாட்டாள். கண்ணாடி உருக்க வந்தவர்கள் காட்டைத் திருத்தி உண்டாக்கிய ஊராம். உலகச் சண்டை முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மன்காரர்களை மூட்டை முடிச்சோடு வெளியேற்றினார்களாம். "நம்ம சனம் ரங்கூன விட்டுக் கப்பலேறுன மாதிரித்தான்க்கா."

ஊரில் நடப்பதை வருடந்தோறும் பெரிய புத்தகத்தில் எழுதி வைப்பது அங்கே வழக்கம். போன வாரம் அதில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். "எம்பேரு இருக்குக்கா! ரங்கூன்லேருந்து வந்து தோசை சுடுறேன்னு எழுதியிருக்காங்க."

யார் தோசை அது? நாலு தலைமுறையாக ரங்கூனில் உழைக்கும் குடும்பம். இங்கே எந்தப் புத்தகத்தில் யார் பேர் இருக்கிறது? பொறாமையில் அன்று சத்யபாமா மூன்று தோசைகளைக் கருக்கினாள்.

பொறுக்கமாட்டாமல் இன்று போனில் தங்கையிடம் கேட்டேவிட்டாள்.

"விடுதிக்கு இன்னொரு ஆளு வேணும்னியே, நான் வரட்டுமா?"



"ஒன் பக்கத்துக் கடை உமாவுக்குச் சொல்லிட்டேனேக்கா. அடுத்த மாசம் வர்றா. ஒனக்குத்தான் காடு ஆகாதே?"

"அவளுக்குத் தோசை வராதேடி!"

"எனக்கு மட்டும் வந்துச்சா? கத்துக்குவா."

சத்யபாமா திரும்பிப் பார்த்தாள். உமா தலை நிமிராமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். காலையில்தான் வந்து மாவுப் பக்குவம் கேட்டாள். ஊறவைப்பதிலிருந்து கல்லைப் பதமாக்குவதுவரை சத்யபாமா ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்திருந்தாள்.