கசுபா பிரித்துப் பார்த்த அடுப்புகள்

லுவான்ஷியாவின் சுரங்கக் குடியிருப்பில் கசுபா நுழையாத சமையலறை குறைவு. நான்கு தட்டும் கீழே ஓவனுமாக ஒரே அச்சில் வார்த்த மின் அடுப்புகள்தாம் எங்கள் எல்லார் வீட்டிலும். அது மக்கர் செய்தால் இன்றைக்கு அவளைத்தான் கூப்பிடுவோம். ஆனால் அவள் இந்த வேலைக்குப் பிழைப்புக்காக வந்தவள் இல்லை. ஒரு மனிதனை ஒழித்துக்கட்ட வந்தவள். அவளுக்கு எதிர் வீடு என்பதால் முழுக்கதையும் எனக்குத் தெரியும். கடைசிப் பகுதியில் நானும் அந்தச் சமையலறையில் நின்றிருந்தேன்.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தையல்காரி. தான் பாடும் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். தங்கை லுபுதோ அவளோடு இருந்தாள். எட்டு வயது இளையவள், வாய்க்கு ஓய்வே கிடையாது. விடிவதற்குள் நூறு பன் சுட்டுக் கூடையில் அடுக்கி, பேருந்து நிலையத்துக்குப் பாடிக்கொண்டே போவாள். மாப்பிள்ளை கேட்டு வந்தவர்களிடம், "என் அக்காவுக்கும் சேத்து ஒரு அண்ணன் தம்பி இருந்தா சொல்லுங்க, ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வர்றோம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள்.

அவர்கள் ஓவனில் ஒரு நாள் கோளாறு வந்தது. போட்டால் மூன்றாவது நிமிடம் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். மெயினைத் தூக்கிவிட்டால் மறுபடியும் விழும். சந்தையில் கடை வைத்திருந்த சிடாலுவைக் கூப்பிட்டார்கள். ஊரில் அவன்தான் பெரிய மெக்கானிக். பதினெட்டு வருட அனுபவம், நல்ல சட்டை, ஆங்கிலத்தில் நாலு வார்த்தை. அடுப்பைத் திருப்பிப் போட்டு அரைமணி நேரம் எதையோ செய்தான்.

"இனிமே விழாது பாருங்க" என்றான்.

விழவில்லைதான். லுபுதோ அவனுக்கு இரண்டு பன் கையில் கொடுத்து அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை. கசுபா முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தாள். லுபுதோ சமையலறையில் தட்டுகளைக் கழுவியபடி பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு ஒரு வரியின் நடுவில் நின்றது. அடிக்கடி அடுத்த வரி மறந்துவிடும் அவளுக்கு. அப்படித்தான் என்று நினைத்து கசுபா இன்னும் ஒரு கை மடிப்பைத் தைத்து முடித்தாள். பிறகு எழுந்து போனாள். தங்கை தண்ணீர்க் குழாய்க்கும் அடுப்புக்கும் நடுவில் கிடந்தாள். வெறுங்கால். ஈரக்கை. குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது, ஓவனும் போட்டபடியே இருந்தது.

அந்த ஒரு கை மடிப்பைத் தைத்த நேரத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறாள்.

இழவு வீட்டில் பெண்கள் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தோம். ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி. சிடாலுவும் வந்திருந்தான். ஜன்னல் வழியாக அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசுலேருந்தே இதயம் பலவீனம். நான் வேலை பாத்த அன்னிக்கே பாத்தேன், சும்மா நடந்ததுக்கே மூச்சு வாங்குச்சு."

நூறு பன்னைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் பாடிக்கொண்டு ஏறுகிறவளுக்கு மூச்சு வாங்கியதாம். கசுபா தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். அழுகை அந்த இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் தையல் இயந்திரத்தை விற்றாள். எங்கள் ஊர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சார வேலை வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். இருபது வயதுப் பையன்களுக்கு நடுவில் ஒரே பெண். "ஆயா, சமையல் வகுப்பு அந்தப் பக்கம்" என்று முதல் நாள் ஒருத்தன் கிண்டல் செய்தானாம். "உன் வீட்டு அடுப்பைத் தொடுறப்ப என்னை நினைச்சுக்க" என்றாளாம் இவள். ஏழு மாதம் ஒரு நாள் விடவில்லை. கடைசியில் ஒரு மீட்டர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு கட்டிங் பிளேயரோடு வீட்டுக்கு வந்து, அதுவரை யாரையும் தொடவிடாமல் துணி போட்டு மூடி வைத்திருந்த தங்கையின் அடுப்பைத் திருப்பிப் போட்டாள். நானும் கூட இருந்தேன்.

பின்தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்தவள், எப்போதும்போல என் பிள்ளையின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு, கொம்பே அம்மா. இந்தக் கீழ் எலிமென்ட் உள்ளுக்குள்ள வெடிச்சிருக்கு. கரண்ட் கசிஞ்சு தகரத்துக்கு வருது. அப்படி வந்தா அதை இழுத்துக்கிட்டுப் போய் மெயினை விழவைக்கத்தான் இந்தப் பச்சை ஒயர் இருக்கு. எர்த் ஒயர். மெயின் விழுந்துச்சே, அது கோளாறு இல்ல. ஆபத்துன்னு அடுப்பு கத்துச்சு."

"அப்புறம்?"

"அவன் எலிமென்ட்டை மாத்தல. கத்துற வாயை வெட்டிட்டான்."

பச்சை ஒயர் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. முனையில் கறுப்பு டேப், மூன்று சுற்று, அழகாக.

டேப் சுற்றிய அந்த முனையை வெட்டி எடுத்துக்கொண்டு நேராகச் சந்தைக்குப் போனாள். சிடாலு கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவன் சிரித்தான்.

"தையக்காரி இப்ப என்கிட்ட ஒயர் காட்ட வந்துட்டா. ஏம்மா, சிவப்பும் கறுப்பும்தான் கரண்ட் கொண்டு வரும். பச்சை சும்மா அலங்காரத்துக்கு. போய் ஊசியில நூலைக் கோத்துக்கிட்டிரு."

காவல் நிலையத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். விபத்து என்று எழுதி மூடியாகிவிட்டது, ஒரு ஒயரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார். "ஒண்ணு போதாதா?" என்று கேட்டாள் கசுபா. "சரி, கொண்டு வர்றேன்."

இப்படித்தான் அவள் வீடு வீடாக ஏறத் தொடங்கினாள். சிடாலு கை வைத்த அடுப்பு எங்கே இருந்தாலும் தேடிப் போவாள். கூலி வேண்டாம், பிரித்துப் பார்க்க மட்டும் விடுங்கள் என்பாள். பெண்கள் முதலில் தயங்கினார்கள். என் அடுப்பைத்தான் முதலில் பார்த்தாள். அதில் எர்த் இருந்தது, ஆனால் தெர்மோஸ்டாட் இல்லை. சூடு ஏறியதும் கரண்டை நிறுத்த வேண்டிய அந்தச் சாதனத்தை அவன் கழற்றிக்கொண்டு, இரண்டு ஒயரையும் நேராக முறுக்கி விட்டிருந்தான். ஒன்றரை வருடமாக என் கேக் கரிந்ததற்கு என் கைதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன்.

ஒவ்வொரு வீட்டிலும் அவள் வீட்டுக்காரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, டார்ச் அடித்து, மீட்டரின் முள் எங்கே போகிறது என்று காட்டுவாள். புது எலிமென்ட் போடுவாள். தெர்மோஸ்டாட்டின் செம்புக் குழாய் நசுங்காமல் ஓவனுக்குள் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டுவாள். எர்த்தை முறுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்ப்பாள். வேலை முடிந்ததும் வெடித்த எலிமென்ட்டை ஒரு காகிதத்தில் சுற்றி அந்தப் பெண் கையில் கொடுப்பாள்.

"இதை நீயே அவன் கடையில கொண்டுபோய் வச்சிரு. ஒண்ணும் பேச வேணாம். வச்சுட்டு வந்திரு."

நானும் போய் என் முறுக்கின ஒயரை அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. பதினோரு தெருப் பெண்கள் ஒவ்வொருவராக, சந்தைக்குக் காய் வாங்கப் போகிற சாக்கில், கருகின இரும்பை அவன் முன்னால் வைத்துவிட்டு வந்தார்கள். முதலில் திட்டினான். பிறகு திட்டுவதை நிறுத்தினான். பிறகு எங்களைக் கண்டதும் கடைக்குள் போய்விடுவான். இரண்டு வருடத்தில் அவன் கடைக்கு ஆளே வரவில்லை.

"இப்ப திருப்திதானே?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் பசிக்குது, அவ்வளவுதான். சாப்பிட்டா தீந்துரும். என் தங்கச்சி வருவாளா?"

அந்த வருடம் மழை தொடங்கிய சமயம், சிடாலுவின் மனைவி எஸ்நாத் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து என்னை மரத்தடிக்கு இழுத்துப் போனாள். நல்லவள், அதிகம் பேசமாட்டாள்.

"அக்கா, எங்க வீட்டு ஓவனைத் தொட்டா கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அவர்கிட்ட சொன்னா உனக்குப் பிரமைன்னு சொல்றார். கசுபாகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. எந்த மூஞ்சியோட கேப்பேன்?"

நான் போய்ச் சொன்னதும் கசுபா கைவேலையை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பையை எடுத்தாள். வழியில் சொன்னாள்: "ரெண்டு வருசமா கர்த்தர்கிட்ட இதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். அவன் வீட்டு அடுப்பு, என் கையில. லுபுதோ அடுப்பு எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணிட்டு வந்துரலாம். யாருக்கும் தெரியாது."

"எஸ்நாத் என்ன தப்புப் பண்ணா?"

"லுபுதோ என்ன தப்புப் பண்ணா?"

திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவளைத் தனியாக அனுப்பப் பயமாக இருந்தது.

சமையலறையில் எஸ்நாத்தோடு தேவாலயப் பெண்கள் நால்வர் இருந்தார்கள். திருமணம் ஒன்றுக்குக் கேக் செய்ய வந்தவர்கள். கசுபா மெயினை இறக்கி, அடுப்பைத் திருப்பி, தகட்டைக் கழற்றினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் குனிந்து பார்த்தேன். பச்சை ஒயர் வெட்டப்பட்டிருந்தது. கறுப்பு டேப், மூன்று சுற்று.

அவள் செய்ய நினைத்ததை அவன் தன் வீட்டுக்கே ஏற்கெனவே செய்து வைத்திருந்தான்.

அவள் எழுந்து மெயினைப் போட்டு, ஓவனைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையை ஓவன் கதவின் கைப்பிடியிலும் வைத்தாள். முள் பாய்ந்தது.

"உன் வீட்டுக்காரரைக் கூப்பிடு, எஸ்நாத்."

சிடாலு கொல்லையிலிருந்து வந்தான். இளைத்திருந்தான். கசுபாவைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றான்.

"உள்ள வாங்கய்யா. செருப்பைக் கழட்டுங்க." கசுபா கத்தவில்லை. "ஒரு கையில குழாயைப் பிடிங்க. இன்னொரு கையில ஓவன் கதவைப் பிடிங்க. நீங்க பாத்த வேலைதானே."

அவன் அசையவில்லை.

"பச்சை அலங்காரத்துக்குத்தான்னு சொன்னீங்க. பிடிங்க. உங்களுக்கு இதயம் பலமாத்தானே இருக்கு."

நான் மெயின் பக்கத்தில் நகர்ந்து நின்றுகொண்டேன். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவன் தொட்டிருந்தால் அவள் தடுத்திருப்பாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சிடாலு செருப்பைக் கழற்றினான். ஒரு எட்டு வைத்தான். கை பாதி தூரம் வந்து நின்றது.

அப்போது எஸ்நாத் பேசினாள். "நான் தினமும் தொடுறேன். நீங்க தொடுங்க."

அவன் கையை இறக்கினான். "மெயினை இறக்குங்க" என்றான், யாரையும் பார்க்காமல்.

"முதல்ல சொல்லுங்க" என்றாள் கசுபா. "லுபுதோ எதால செத்தா?"

"எனக்குக் கத்துக் குடுத்தவங்க அப்படித்தான்..."

"எதால செத்தா?"

"இதால." அடுப்பைக் காட்டி, "இதயத்தால இல்ல" என்றான்.

"அப்ப அவ போனப்பவே உங்களுக்குத் தெரியும்" என்றாள் எஸ்நாத். "தெரிஞ்சும் இதை ஏன் மாட்டல?"

அவன் வெட்டிய ஒயரையே பார்த்தான். "மாட்டியிருந்தா ஏன்னு நீ கேட்டிருப்ப."

எஸ்நாத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நான் மெயினை இறக்கினேன்.

கசுபா புது எலிமென்ட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். கட்டிங் பிளேயரையும் எடுத்து, இரண்டையும் அவன் முன்னால் தரையில் வைத்தாள். "மாட்டுங்க."

ஏழு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க அவன் மண்டியிட்டு அந்த எலிமென்ட்டை மாற்றினான். எர்த்தை முறுக்கினான். கசுபா குனிந்து இழுத்தாள், கையோடு வந்தது. "மறுபடி." இரண்டாவது முறையும் வந்தது. "மறுபடி." மூன்றாவது முறை அவன் வியர்வை தகட்டில் சொட்டியது. இழுத்தாள், வரவில்லை. மெயினைப் போட்டு, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பையை மூடிக்கொண்டு வெளியேறினாள்.

மறுநாளே அந்த நால்வரோடும் என்னோடும் காவல் நிலையம் போனாள். பெரிய பை ஒன்றையும் தூக்கி வந்திருந்தாள். உள்ளே, வீட்டு எண் எழுதிக் கட்டிய இருபத்துமூன்று ஒயர் முனைகள். இந்த முறை எழுதிக்கொண்டார்கள். வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. எஸ்நாத் சாட்சி சொன்னாள். சொன்ன அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு மன்சாவில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சிடாலுவுக்குப் பதினெட்டு மாதம் சிறை. தீர்ப்பைக் கேட்டதும் கசுபா என் காதில் சொன்னாள்: "லுபுதோவுக்கு முப்பது வயசு. பதினெட்டு மாசமாம்."

சிறையிலிருந்து வந்த பிறகு அவன் ஒரு ஞாயிறன்று எங்கள் தேவாலயத்துக்கு வந்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. சபை முன்னால் எழுந்து நின்று கசுபாவிடம் மன்னிப்புக் கேட்டான். நன்றாகவே கேட்டான், எனக்கே கண் கலங்கியது. போதகர் பாடகர் குழுவில் நின்றிருந்த அவளைப் பார்த்து, "மகளே, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, உன் பாரம் இறங்கும்" என்றார்.

"இல்ல, பாஸ்டர்" என்றாள்.

"கர்த்தர் மன்னிக்கிறாரே."

"அவர் மன்னிக்கட்டும். அவருக்குத் தங்கச்சி இல்ல."

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. அது தேவதூஷணம் என்று சிலர் பிறகு சொன்னார்கள். ஆறு மாதம் அவளைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. பின் வரிசையில் உட்கார்ந்து அங்கிருந்தே பாடினாள். சிடாலு சோல்வேசிப் பக்கம் போய்விட்டான். அங்கே ஒரு கட்டட வேலையில் காவலாளியாக இருப்பதாகக் கேள்வி. அதை நான் சொன்னபோது, "ஒயர் வேலை பாக்கறானா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுச் சோளக்களியைக் கிளறப் போனாள்.