முடுக்கில் விழுந்த அயினி

காற்று முதலில் எங்கள் மொட்டைமாடித் தகரத்தைத்தான் பிய்த்தது. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் படார் படாரென்று அடி விழுந்தது. அடுத்த நிமிடம் தகரம் ஆணியோடு கிளம்பி எதிர்ச்சுவரில் போய் மோதியது. தென்னை மட்டைகள் பறந்து வந்து விழுந்தன. சமையலறை ஜன்னல் கண்ணாடி உடைந்து சிங்க்குக்குள் கொட்டியது. கையை எடுக்கிறதுக்குள் தரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டு அயினி மரம் வேரோடு சாய்ந்து, கரண்ட் கம்பிகளை இழுத்து, போஸ்ட்டை முறித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஒரே வழியான குறுகிய முடுக்கின் குறுக்கே விழுந்தது. கம்பியில் நீலமாக ஒரு வெட்டு வெட்டியது. பிறகு வீடு முழுக்க இருட்டு.

உள்ளறையில் என் அண்ணனின் மெஷின் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் திருவனந்தபுரம்தான். என் வீட்டுக்காரர் பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறார். அண்ணன் ஊரில் அரிசி மில்லில் வருஷக்கணக்காகத் தவிட்டுத் தூசியைச் சுவாசித்து, நெஞ்சு கெட்டு, வைத்தியத்துக்காக எங்களோடு வந்து தங்கியிருந்தார். ராத்திரி பகல் அவர் மூக்கில் ஒரு குழாய் இருக்கும். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற அந்த மெஷினுக்குக் கரண்ட் வேண்டும்.

இன்வெர்ட்டர் சாயங்காலம் வரை தாங்கியது. பிறகு அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை மாட்டினோம். மறுநாள் அது தீரும் முன்னே என் வீட்டுக்காரர் இன்னொரு சிலிண்டர் வாங்கி, அதைத் தோளில் வைத்துக்கொண்டு மரத்தின் மேல் ஏறிக் குதித்து வந்தார். முடுக்குக்குள் ஆட்டோ வராது, ஆம்புலன்ஸ் வராது. இரண்டு பக்கமும் ஆள் உயரச் சுவர். சிலிண்டரும் குழாயுமாக அண்ணனை மரத்துக்கு மேல் தூக்கிக் கடத்துவது ஆகாத காரியம். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, வராந்தாவில்கூட இடமில்லை, ரொம்ப மோசமானால் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

லைன்மேன்கள் வந்து பார்த்தார்கள். மேலே கம்பியில் சப்ளையை நிறுத்தியாகிவிட்டது, ஆனால் மரத்தை எடுக்காமல் போஸ்ட் நட முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். ஊர் பூரா அவர்களுக்கு வேலை கிடந்தது. தீயணைப்புக்காரர்கள் மெயின் ரோட்டை விட்டு உள்ளே வரவே இல்லை.

மரத்தை எடுப்பதற்கு அதன் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பலாப்பழம் வெட்டினால் எங்களுக்கு ஒரு பங்கு வரும், தீபாவளிக்கு எங்கள் முறுக்கு அங்கே போகும். அப்படிப்பட்ட பழக்கம். அந்த அயினி அவருடைய அப்பா நட்டது. மகள் கட்டப்போகிற வீட்டுக்குக் கதவும் நிலையும் அதில்தான் என்று எப்போதும் சொல்லுவார்.

"துண்டு துண்டா வெட்டினா விறகுக்குத்தான் ஆகும், அண்ணாச்சி. வித்துராவிலேர்ந்து அறுக்கிற ஆளு மெஷினோட வரும். நீளமா அறுத்து எடுக்கணும். ஒரு ரெண்டு திவசம் பொறுத்துக்கோ" என்றார், அவருடைய மலையாளமும் தமிழும் கலந்த பேச்சில்.

"சாரே, உள்ள ஒரு மனுசன் மூச்சுக்குக் கெடந்து அடிக்காரு" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கு மனசிலாவும். ஆனா மரத்த தொடாத."

மலையடிவாரத்து வித்துராவிலிருந்து அந்த ஆள் வரவில்லை. அந்த வழியில் எங்கே பார்த்தாலும் மரம் விழுந்து கிடக்கிறதாம். மூன்றாம் நாள் காலையில் சிலிண்டர் முள் சிவப்புப் பக்கம் வந்துவிட்டது. அண்ணன் இரண்டு கையையும் கட்டில் விளிம்பில் ஊன்றி, குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. நான் விசிறிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பின்கட்டுக்குப் போய்க் கோடாலியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

என் வீட்டுக்காரர் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்க மாட்டார். முறத்தில் தள்ளி வெளியே விடுவார். அவர் வெட்டுகிற சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். மரத்தண்டு சுவர்மேல் சாய்ந்து கிடந்தது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த பெரிய கிளையை, பல்லைக் கடித்துக்கொண்டு, வெறிபிடித்தது மாதிரி வெட்டிக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. மரப்பால் தெறித்து முகமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"தொட்டுப்போகருது!"

பக்கத்து வீட்டுக்காரர் கையில் ஓர் இரும்புக் குழாயோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் திரும்பவே இல்லை. இன்னொரு வெட்டு விழுந்தது.

"எடா பாண்டி, எறங்கிப் போடா!"

எத்தனையோ வருஷம் பழகியவர் வாயிலிருந்து, தமிழர்களை இளக்காரமாகச் சொல்லுகிற அந்த வார்த்தை வந்ததும் எனக்குக் காது அடைத்தது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். அதே நேரம் குழாய் அவர் தோளில் இறங்கியது. எலும்பில் இரும்பு படுகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் ஒரு காலில் மடங்கி, எழுந்து, தலையால் அந்த மனுஷனின் நெஞ்சில் முட்டினார். இரண்டு பேரும் இலைக்குள்ளும் சகதிக்குள்ளும் புரண்டார்கள். ஒருத்தர் கழுத்தில் ஒருத்தர் கை. குழாய் மறுபடி உயர்ந்தது. நான் கீழே கிடந்த தென்னை மட்டையைத் தூக்கி அந்த மனுஷனின் முதுகில் அடித்தேன். ஒரு அடி இல்லை, கை ஓயும் வரை அடித்தேன். என்னென்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அவருடைய மனைவி என் தலைமுடியைப் பிடித்து இழுத்து என்னைச் சுவரோடு தள்ளினாள். நெற்றி உடைந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

அப்போதுதான் பாதி வெட்டுப்பட்ட கிளை முறிந்தது. தாங்கல் போனதும் தண்டு சுவரிலிருந்து உருண்டது. என் வீட்டுக்காரர் கையை ஊன்றிப் பின்னால் தாவினார். மற்றவரால் முடியவில்லை. தண்டு அவருடைய வலது காலின்மேல் ஏறி நின்றது.

அப்படி ஓர் அலறலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் தட்டுத்தடுமாறி எழுந்தார். ஒரு கை தொங்கிப்போயிருந்தது. இன்னொரு கையில் கோடாலியை எடுத்துக்கொண்டு, கீழே கிடந்தவரின் தலைமாட்டில் போய் நின்றார்.

"அய்யோ, சேட்டனெ கொல்லல்லே!" என்று அந்த அம்மாள் என் வீட்டுக்காரரின் காலைக் கட்டிக்கொண்டாள்.

அவர் கண்ணைப் பார்த்தேன். என்ன செய்யப்போகிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கோடாலி மேலே போனது, கீழே வந்தது. அந்த ஆளின் முழங்காலுக்கு அருகே, தண்டை அசையவிடாமல் மாட்டிப் பிடித்திருந்த கொம்பில் விழுந்தது. ஒற்றைக் கையால் மறுபடி ஓங்கினார்.

"வெட்டு! எவிடெ வேணெங்கிலும் வெட்டு!" என்று கீழே கிடந்தவர் அலறினார்.

சத்தம் கேட்டு முடுக்குக்கோடியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கடப்பாரையைக் கொடுத்து, முறிந்த போஸ்ட்டின் துண்டை முட்டாக வைத்து நெம்பினோம். நானும் அவளும் ஒரே கடப்பாரையைப் பிடித்துத் தொங்கினோம். என் ரத்தம் அவள் கையில் பட்டது. காலை வெளியே எடுத்தபோது பாதம் வேறு திசையில் திரும்பியிருந்தது. அவரைச் சாய்வு நாற்காலியில் வைத்து, முடுக்குக்கோடிக்கு வந்த ஆம்புலன்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே மரத்தை வெட்ட ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குள் வழி கிடைத்தது. இரண்டாவது ஆம்புலன்ஸில் அண்ணன் போனார், ஆக்ஸிஜனோடு. கூடவே என் வீட்டுக்காரரும் தோளைக் காட்டப் போனார். காறை எலும்பு உடைந்திருந்தது.

மறுநாள் போஸ்ட் நட்டார்கள். விளக்கு எரிந்தபோது வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தார். கையைத் தொட்டில் போட்டுக் கட்டியிருந்த என் வீட்டுக்காரருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் அவரத்தான் வெட்டப்போறேன்னு நெனச்சியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்" என்றார். பிறகு சோறு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

போலீஸ் கேஸ் எதுவும் இல்லை. மரம் உருண்டதில் கால் நசுங்கிற்று என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் சொன்னாராம். வழுக்கி விழுந்தேன் என்று இவரும் சொன்னார். பொய்யைப் பேசி வைத்துக்கொண்டார்களா என்றால் இல்லை. அன்றைக்கப்புறம் இரண்டு பேரும் முகத்தோடு முகம் பார்த்துப் பேசியதே கிடையாது. அவர் காலில் கம்பி வைத்துத் திரும்பி வந்தார், ஊன்றுகோலோடு. என் நெற்றித் தழும்பைப் பார்க்கிறபோதெல்லாம் அவருடைய மனைவி தலையைக் குனிந்துகொள்வாள். அவருடைய முதுகு எனக்கு நினைவு வரும், நானும் குனிந்துகொள்வேன். ஒரு நாள் மீன்காரி வாசலில் நின்றபோது, "அண்ணனுக்கு எப்படி இருக்கு?" என்று அந்த அம்மாள் மலையாளத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"ஊருக்குப் போயிட்டாரு. இப்ப நல்லா மூச்சு விடுகாரு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, மத்தியைப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தாள்.