என் பை பெருத்த வருடங்கள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்த நோர்வேக்காரன் ஒருவன் ஒவ்வொரு இலையுதிர்காலமும் துருவமான் வேட்டைக்கு மலைக்குப் போவான். கூட வரச் சொன்னான், போனேன். நான் துவக்கைத் தொட்டதில்லை. அவன் சுடுவான், வெட்டிய இறைச்சியை இருவரும் முதுகில் சுமந்து இறக்குவோம். கார் நிற்கும் இடத்துக்கு மூன்று மணித்தியால நடை.

தான் சுட்டதைச் சுமக்க முடியாதவன் மலைக்கு வரக்கூடாது என்பது அவன் வைத்திருந்த விதி. முடியாத வருடம் வேட்டையை விட்டுவிடுவேன் என்பான். அப்போதே அவனுக்கு முதுகு போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. என் பை பெருத்துக்கொண்டு போனதுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் வருடம் மகனின் பள்ளிக்கூடப் பையோடு போய், பட்டி அறுந்து, மானின் தொடையைப் பிள்ளையைத் தூக்குவதுபோலக் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். மறுவருடம் நோர்வேக்காரனே என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் அறுபது லீற்றர் பை ஒன்றைத் தெரிந்தெடுத்தான். கடைக்காரன் அதற்குள் மணல் மூட்டைகளைப் போட்டு என்னை நடக்கவிட்டான். "பாரம் தோளில் இருக்கக்கூடாது, இடுப்பில் இருக்கவேண்டும்" என்று சொல்லி நோர்வேக்காரன் என் இடுப்புப் பட்டியை மூச்சு முட்ட இறுக்கினான். அதற்கடுத்த வருடம் எண்பது லீற்றர். அவனிடம் இருந்தது அதே பழைய பைதான். அதற்குள் போன இறைச்சி மட்டும் குறைந்துகொண்டு வந்தது.

பல்கனியில் பையின் இரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "சுடுறது அவன், சுமக்கிறது நீங்களோ? உங்களைப் பொதிமாடு ஆக்கிப்போட்டான். நீங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு போறியள்."

"விசர்க்கதை கதையாதையும்" என்றேன். ஆனால் சொல் உள்ளே போய்விட்டது. அகதியாக வந்த நாட்டில் எவன் ஒரு சுமையைத் தந்தாலும் சந்தேகம்தான் முதலில் வரும். எனக்கு அது கொஞ்சம் கூடவே வரும்.

நான்காவது வருடம், அலுமினியச் சட்டம் வைத்த நூறு லீற்றர் பை வந்திருக்கிறது, போய்ப் பார்ப்போமா என்று கேட்டான். நேரமில்லை என்றேன். வீம்புக்கு, சாப்பாடும் மழைச்சட்டையும் மட்டுமே கொள்ளும் சின்னப் பையோடு மலைக்குப் போனேன். அவன் அதைப் பார்த்தான். முன்னால் நடக்கத் தொடங்கினான்.

அன்று மத்தியானம் நல்ல கடாமான் ஒன்று விழுந்தது. இறைச்சியில் பாதியைத் தன் பையில் அடுக்கி, பாறையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இரண்டு அடி வைத்தான். பிறகு பையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். முகம் வெளிறியிருந்தது.

"முதுகு" என்றான். "மூன்று வருடமாக."

எனக்குக் கோபம் வந்தது. "வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்தா போய்விடுவாய்?"

"சொன்னேனே. இரண்டு தரம் உன்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேனே."

இருவரும் சேர்ந்து இறக்கினால் தன் விதிப்படி தானும் இறக்கியதுதான் என்று இத்தனை நாளும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவனுடைய பையை நான் போட்டுக்கொண்டேன். என் சின்னப் பையை அவன் போட்டுக்கொண்டான். மிச்ச இறைச்சிக்கு மறுநாள் நான் தனியே ஏறி இறங்கினேன். அவன் காருக்குள் இருந்தான். ஒஸ்லோ வரும்வரை வானொலிதான் கதைத்தது.

அடுத்த வேட்டைக்காலம் வருவதற்கு முன் நானே அந்தக் கடைக்குப் போனேன். மணல் மூட்டைகளைப் போட்டு நடந்து பார்த்து நூறு லீற்றர் பையை வாங்கி, முதுகில் போட்டபடியே அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். கழற்றச் சொல்லி வாங்கிப் பார்த்தான். சட்டத்தைத் தட்டினான். தையலை விரலால் தடவினான்.

"நல்ல பை" என்றான். "முழு மானையும் வைக்கலாம். யாரோடு போகப்போகிறாய்?"

துவக்கை வசந்தகாலத்திலேயே விற்றுவிட்டானாம். எனக்கு வேறு வேட்டைக்காரர் ஒருவரையும் தெரியாது.