மௌலவியிடம் கேட்காத பாதி

புதுக் கெப் வண்டி வாங்கி ஏழு மாதம்தான். அதற்குள் அதைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு ஒலுவில் துறைமுகத்தில் மீன் ஏற்றுவேன். பின்தட்டில் எட்டு வெள்ளை ரெஜிபோம் பெட்டி, சூடு ஏறாத வகை, உள்ளே மீனும் ஐஸும். அம்பாறை வரை கெப் சத்தமில்லாமல் ஓடும். பிபிலையைத் தாண்டி மலை தொடங்கினால் டீசல் எஞ்சின் திணறும். மிதித்தால் உறுமும், கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, பிறகுதான் இழுக்கும். அந்தக் கொஞ்ச நேரம் ஒவ்வொரு வளைவிலும் சேர்ந்து சேர்ந்து நான் போய்ச் சேர்வது பிந்திவிடும்.

மேலே மலையில் மீன் கடை வைத்திருக்கும் முதலாளி, எங்கள் ஊர் வழக்கப்படி என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுபவர், போனில் சொன்னார்.

"காக்கா, நீங்க வர்றதுக்குள்ள நம்ம தோட்டத்து ஆளுங்க கருவாடு வாங்கிக்கிட்டுப் போயிடுறாங்க. இன்னொரு லொறி உங்களுக்கு முந்தி வந்து நிக்குது. இப்பிடியே போனா நான் அந்த லொறியிலதான் எடுக்கணும்."

என் வீட்டு அடுப்பு எரிவது அந்த ஒரு கடையால்தான். அன்று முதல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கல்முனையில் லெப்டொப்பை வைத்து எஞ்சின் டியூனிங் செய்யும் தம்பி ஒருவர் இருந்தார். அவரிடம் போய் முதலாளி சொன்னதைச் சொன்னேன்.

"எஞ்சின்ல ஒரு ஆணியும் கழட்டத் தேவல்ல காக்கா. அதுக்குள்ள இரிக்கிற கம்பியூட்டர்ர புரோகிராம மாத்திற, அவ்வளவுதான். எட்டுப் பெட்டியோட கால வச்சாப் போதும், ஏறும்."

"வொறன்டி இரிக்கே தம்பி. இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல கிடக்கு."

"சேர்விசுக்குப் போக முந்தி இஞ்ச வாங்க. பழையத்தத் திருப்பிப் போட்டுத் தாறன். சேர்விஸ் முடிஞ்சா மறுகா புதிசு. கம்பனிக்கு மணமும் புடிக்காது."

நான் கெப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். டயருக்குக் காற்றடிக்க வந்திருந்த ஒருவர் சிரித்தார். "இந்தக் காக்கா யோசிச்சி முடிக்கக்குள்ள கெப்புக்குப் பேரப்புள்ள பிறந்திரும்."

யோசிக்காமல் என்ன செய்ய? டியூனிங் செய்த ஒருவரைக் கேட்டால் டீசலும் மிச்சம், இழுவையும் நல்லது என்றார். இன்னொருவர் மூன்று மாதத்தில் கிளச் எரிந்துபோன கதையைச் சொன்னார். ஒருவரை நம்பிப் படுத்தால் மற்றவர் கதை வந்து எழுப்பியது. மதியம் லுஹர் தொழுகையில் மூன்றாவது ரக்அத்தா நாலாவதா என்று தெரியாமல் நின்றேன். தக்பீர் கட்டிக்கொண்டு எஞ்சினைப் பற்றி யோசிக்கும் மனிதனாகிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளி வாசலில் மௌலவியைப் பிடித்தேன்.

"நம்மட சொந்த வாகனத்துட எஞ்சின, இன்னும் நல்லா ஓடுறத்துக்கு மாத்தினா மார்க்கத்துல ஏதும் பிழையா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒங்கட வாகனம், ஒங்கட எஞ்சின். இதுல என்ன பிழை? ஆருக்கும் கெடுதி வராமப் பாத்துக்கங்க, அவ்வளவுதான்."

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தேன். மனைவி சோறு வைத்தாள். டியூனிங் தம்பி சொன்னதெல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

"மௌலவி செய்யலாம், கூடும் எண்டு சொல்லிட்டாரு" என்றேன்.

"கூடும் எண்டா ஏன் முகம் இப்பிடி இரிக்கி? சேர்விசுக்கு முந்தி பழையத்தத் திருப்பிப் போடுற கதையையும் சொன்னீங்களா அவருக்கிட்ட?"

"இல்ல."

"அதானே பாத்தன். தேவையானத்த மட்டும் கேட்டுட்டு வந்திரிக்கீங்க." கறிச்சட்டியை மூடி வைத்துவிட்டு மீண்டும் என்னைப் பார்த்தாள். "மத்தப் பாதியக் கம்பனியில போய்க் கேளுங்க. வொறன்டி தந்தது அவங்கதானே, மௌலவி இல்லையே."

மறுநாள் கம்பனியின் சேர்விஸ் இடத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு பெண்பிள்ளை இருந்தது. டியூனிங் செய்தால் வொறன்டி என்னவாகும் என்று நேராகவே கேட்டேன்.

"எஞ்சினுக்கும் கியர் பொக்சுக்கும் இல்லாமப் போகும் சேர். மத்ததெல்லாம் இருக்கும்" என்றவள், சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் செஞ்சிட்டு மறைப்பாங்க. நீங்கதான் முதல்ல வந்து கேட்டிருக்கீங்க."

அந்தப் பாராட்டு உடம்பைக் கூச வைத்தது. நானும் மறைக்கத்தான் புறப்பட்டேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. எஞ்சின் உடைந்தால் இன்னொன்று போட எனக்கு வக்கில்லை. வொறன்டியையும் வைத்துக்கொண்டு இழுவையையும் எடுக்கும் வழி ஒன்றுதான் இருந்தது. அது பொய்யால் போகும் வழி. டியூனிங் தம்பிக்குப் போன் எடுத்து வேண்டாம் என்றேன். "ஒங்கட இஷ்டம் காக்கா, ஆனா லொறி ஒங்களுக்காக நிக்காது" என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை.

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன்: இந்த வண்டி இப்படித்தான் ஏறும், இனி முந்தி வர என்னிடம் வழியில்லை. அவர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்போ நாளையிலருந்து நாலு பெட்டி போதும். மிச்சத்த லொறியில எடுத்துக்கிறேன்" என்றார்.

நாலு பெட்டியோடு மறுநாள் மலை ஏறினேன். பாரம் பாதியானதும் கெப் எங்கும் நின்று யோசிக்கவில்லை. வளைவுகள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. கடை திறக்க முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டேன். கெப்புக்குள் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இறங்கினேன். பின்தட்டில் வெறுமையாகக் கிடந்த பாதியைப் பார்க்கவும் பிடிக்காமல் அங்குமிங்கும் நடந்தேன்.

முதலாளி கதவைத் திறந்து கையை இடுப்பில் வைத்தார். "என்னா காக்கா, இன்னைக்கிப் பறந்து வந்தீங்களா?"

"பெட்டி குறைவு முதலாளி. அதான்."

அவர் மீனைத் தொட்டுப் பார்த்தார். ஐஸ் இன்னும் கரையவில்லை. "அப்போ நாளைக்கி ஒண்ணு கூட்டிப் போடுங்க. பாப்போம்."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஐந்து பெட்டி போட்டால் ஏற்றத்தில் எப்படி இழுக்கும், ஆறு போட்டால் எப்படி என்று யோசித்துக்கொண்டே மலை இறங்கினேன்.