தாரகை உடைந்த வாரம்

மூன்றாம் பாகம் முடிந்து ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தது. நான்காம் பாகம் வருகிறது என்று அந்த வாரப் பத்திரிகையில் முழுப்பக்க அறிவிப்பு வந்த அன்று, தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஐஸ் கம்பெனியில் டோக்கன் எழுதும் கிளார்க் நான். திரேஸ்புரத்து மீன்பிடி வள்ளங்களுக்கு எங்களிடமிருந்துதான் ஐஸ் போகும்.

அது விண்வெளித் தொடர்கதை. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து நடந்துகொண்டிருந்தது. தாரகை என்று ஒரு விண்கப்பல், அதில் ஒரு தலைவரும் ஆறு பேரும், மாதத்துக்கு ஒரு கிரகம். இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வரும். அந்தக் கப்பலில் அடிக்கடி ரேடியோ வால்வு சுட்டுப்போகும். செவ்வாயில் இறங்கினாலும் முதலில் காபி போடுவார்கள். ஆனால் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க்கிலிருந்து சலூன்காரர் வரை எல்லோருக்கும் அந்த ஏழு பேரும் சொந்தக்காரர்கள்தான். வியாழக்கிழமை பத்திரிகை வரும். வெள்ளிக்கிழமை டீக்கடையில் அதைப் படிக்காமல் உட்கார்ந்தால் வாயைத் திறக்க முடியாது.

படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்தேன். ஐஸ் உறைந்த தகரப் பெட்டிகளைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் முக்கி வைப்பார்கள். பாளம் கழன்று வரக் கொஞ்ச நேரம் ஆகும். வள்ளக்காரர்கள் கையில் டோக்கனோடு அதுவரை நிற்க வேண்டும். வியாழக்கிழமைச் சாயங்காலங்களில் அந்த இடைவெளிதான் என்னுடையது. பாளத்தை மெஷினில் போட்டு நொறுக்க ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் காதில் விழாது, அதற்குள் அத்தியாயத்தை முடித்துவிட வேண்டும். எங்கள் ஊரான நாசரேத்தில் ஞாயிறு பள்ளியில் வேதபாடம் வாசித்துப் பழகிய தொண்டை எனக்கு. தலைவருக்கு ஒரு குரல், விஞ்ஞானிக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றி வாசிப்பேன். இருபது முப்பது பேர் மூச்சுவிடாமல் கேட்டால் யாருக்குத்தான் தலை வீங்காது? எனக்கு நன்றாகவே வீங்கியிருந்தது.

கேட்டவர்களில் முதல் ஆள் ஒரு சம்மாட்டி. வள்ளத்துச் சொந்தக்காரரைக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைத் தம்பி என்று வாய் நிறையக் கூப்பிடுவார். பதினைந்து வருடம் அடுத்தவர் வள்ளங்களில் கூலிக்குப் போனவர். மூன்றாம் பாகம் நடந்துகொண்டிருந்தபோது சொந்தமாக ஒரு வள்ளம் இறக்கினார். தாரகை என்று பெயர் வைக்கச் சொன்னது நான்தான். மாதாவுக்குச் சமுத்திரத் தாரகை என்று ஒரு பெயர் உண்டு என்பதால் கோயில் சாமியாரும் சந்தோஷமாக மந்திரித்துக் கொடுத்தார். எந்தத் தாரகை என்று அவரிடம் நாங்கள் விளக்கவில்லை. மந்திரித்த பெயரைப் பிறகு மாற்றும் வழக்கம் கிடையாது. வள்ளத்தின் முன்பக்கத்தில், உள்ளே, மாதா படத்துக்குப் பக்கத்தில் பத்திரிகையில் வந்த விண்கப்பல் படத்தையும் ஒட்டினார்.

அவருக்கு ஓயாத கவலை ஒன்றுதான், ஆட்கள். வள்ளம் எப்படியாவது செய்துவிடலாம், ஏறுவதற்கு ஆள் வேண்டும். அவரிடம் ஆறு பேர் இருந்தார்கள். அதில் சுக்கான் பிடித்தவர் ஐம்பது தாண்டியவர், கரையில் நல்ல மதிப்புள்ளவர். அவர் இருந்தால் மற்ற ஐந்து பேரும் இருப்பார்கள். அவர் தன் சாப்பாட்டுத் தூக்கை வள்ளத்திலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டால் மற்றவர்களின் தூக்குகளும் பின்னாலேயே இறங்கிவிடும். அப்படி ஒரு தரம் ஆட்கள் இறங்கிப்போன வள்ளத்தில் வேறு ஆள் லேசில் ஏறமாட்டான். இதைச் சம்மாட்டியே என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார்.

நான்காம் பாகம் தொடங்கிய வியாழக்கிழமை காலையில் ரயிலடிப் புத்தகக் கடையில் கட்டுப் பிரித்ததும் வாங்கி நின்றபடியே படித்தேன். முதல் பக்கத்திலேயே படம். தாரகை இரண்டாக உடைந்து கிடந்தது. அத்தியாயம் முடியும்போது ஏழு பேரும் செத்துப்போயிருந்தார்கள். புதிய கப்பலில் புதிய ஆட்களோடு கதை தொடரும் என்று கீழே ஒரு வரி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். சலூனுக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே இழவு வீடு மாதிரி இருந்தது. சலூன்காரர் பாதிச் சவரத்தில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, "தலைவரைக் கொல்ல இவன் யாரு? நாம ஆறு வருசமா வளத்த ஆளு" என்று கத்தியை ஆட்டி ஆட்டிப் பேசினார். டாலி கிளார்க் பத்திரிகையைச் சுருட்டித் தொடையில் அடித்துக்கொண்டே இருந்தார். பதினாறு பக்கம் கடிதம் எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பப்போவதாகச் சொன்னார், எழுதியும் அனுப்பினார். சவரம் பாதியில் நின்றவர் மட்டும், "செத்தா செத்துட்டுப் போறாவ, எனக்கு மறு கன்னத்தச் செரைங்க" என்றார். அவரை எல்லோரும் முறைத்தார்கள்.

எனக்கு அந்தப் பேச்சில் கவனம் போகவில்லை. திரேஸ்புரத்துக் கரையில் நிற்கும் தாரகைதான் மனதுக்குள் வந்து நின்றது. அந்தப் பெயரில் இருந்த கப்பல் ஆளோடு போய்விட்டது என்று அந்த ஆறு பேர் முன்னால் எப்படி வாசிப்பது? பெயர் வைத்தது நான். பெயரை மாற்றவும் முடியாது. கடல்காரர்கள் இதற்கெல்லாம் பயப்படுவார்கள், இறங்கிவிடுவார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கரையில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலெழுத்துப் படித்தவன் என்ற திமிர், வேறென்ன.

சாயங்காலம் பெட்டிகளைத் தண்ணீரில் முக்கினார்கள். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். சம்மாட்டி குளித்து வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத கதையை வாசித்தேன். தாரகை ஒரு வால் நட்சத்திரத்தின் தூசியில் மாட்டுகிறது, தலைவர் பாய்மரம் போல ஒரு தகட்டை விரித்துக் காற்றில்லாத இடத்தில் கப்பலைத் திருப்பிக்கொண்டு வருகிறார். கைதட்டினார்கள். சுக்கான்காரர், "பாய விரிச்சாரு பாரு, அதான் ஆளு" என்றார். அந்த நிமிடம் எனக்குப் பயம் போய்ப் பெருமை வந்தது. என் கதை அச்சில் இருந்த கதையைவிட நன்றாக இருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

முடிந்ததும் சம்மாட்டி அருகில் வந்தார். "தம்பி, படத்த குடுங்க. புதுப் பாகத்துக்குப் புதுப் படம் ஒட்டணும்லா?"

"ஐஸ் தண்ணி பட்டு அந்தத் தாளு கிழிஞ்சுபோச்சு அண்ணாச்சி" என்றேன்.

அவர் முகம் வாடியது. "சரி, பழசே கெடக்கட்டும்" என்று போய்விட்டார். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மேலும் இரண்டு வியாழக்கிழமை என் கதையையே வாசித்தேன். வள்ளம் நாள் தவறாமல் போய் வந்தது.

மூன்றாவது வியாழனுக்கு அடுத்த திங்கட்கிழமை, சுக்கான்காரர் என் மேசைக்கு வந்தார். பின்னால் சம்மாட்டியும் ஐந்து பேரும் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காகச் சனிக்கிழமையே சலூனில் சவரம் பண்ணிக்கொண்டாராம். சம்மாட்டி படம் கிடைக்கவில்லை என்று சோர்ந்து போயிருந்தது நினைவுக்கு வந்து, சலூன்காரரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். மடித்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் விரித்தார். உடைந்த தாரகை.

"சார், இதக் கொஞ்சம் வாசிங்க" என்றார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் புத்தி அப்படிப் போகவில்லை. தாளைக் கையில் எடுத்து, தலைவர் தூங்கும்போது கண்ட கனவு அது என்று வாசித்தேன். கப்பல் உடைவதாகக் கனவு, விழித்துப் பார்த்தால் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். குரல்கூட மாற்றினேன். அவர் கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சலூன்காரர் எனக்கு முச்சூடும் வாசிச்சுக் காட்டிட்டாரு. கனவுன்னு அதுல ஒரு வார்த்தை கெடையாது. ஏழு பேரும் போயிட்டாவன்னு வாசிச்சாரு."

"நீங்க பயந்து வள்ளத்துல ஏறமாட்டீங்கன்னு…" என்று இழுத்தேன்.

"நாங்களா?" அவர் சத்தம் உயரவில்லை. "என் கூடப் பொறந்தவன் கடல்ல போனான். அன்னைக்கு மணி அடிச்சாவ, பூசை வச்சாவ. ஒரு வள்ளம் எறங்கல. அதுக்கு மறுநா நான் போனேன், எல்லாரும் போனோம். போகாம அடுப்பு எப்பிடி எரியும்? கதையில ஒரு கப்பல் ஒடைஞ்சதுக்கா நாங்க ஏறாம இருப்போம்? ஒரு நா உக்காந்து வருத்தப்பட்டுட்டு எந்திரிச்சிருப்போம்."

பிறகு சம்மாட்டி பக்கம் திரும்பினார். "ஏலே, நீ சொல்லித்தான இவரு மாத்தி வாசிச்சாரு?"

"மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார் சம்மாட்டி. அவர் இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐஸ் கம்பெனிக்காரருக்கு ஒன் வள்ளத்துல ஆளு நின்னா என்ன, போனா என்ன? ஒனக்குத்தான் வேணும். கதையிலயே கெட்டத மறைக்கவன் நாளைக்குக் கடல் சரியில்லன்னு தெரிஞ்சாலும் மறச்சு ஏத்துவான்."

"நான்தான் செஞ்சேன், அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. மூன்று வாரமாகப் பொய் வாசித்தவன் இன்னும் ஒன்று சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

அன்றே ஆறு தூக்குகளும் வள்ளத்திலிருந்து இறங்கிவிட்டன. மறுநாள் நான் சுக்கான்காரர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க நல்லவரு சார், அவனுக்காகப் பேசுதீய" என்றார். அதற்கு மேல் எதைச் சொல்லி நம்ப வைப்பது? காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

தாரகை கரையில் ஏற்றி வைத்தபடியே கிடந்தது. சம்மாட்டி ஆள் கேட்டுப் போகாத வீடு இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் சுக்கான்காரர் ஏன் இறங்கினார் என்றுதான் முதலில் விசாரித்தார்கள். சில வாரங்களில் அவர் பழையபடி இன்னொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போக ஆரம்பித்தார். ஐஸ் வாங்க எங்கள் கம்பெனிக்கு வரத்தான் வேண்டும், வந்தார். டோக்கனை நீட்டுவார், வாங்கிக்கொள்வார். தம்பி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நான் வாசிப்பதை நிறுத்தியிருந்தேன். வியாழக்கிழமைகளில் பாளம் கழலும் வரை எல்லோரும் சும்மா நின்றார்கள்.

எட்டாவது வாரம் பத்திரிகையைப் பிரித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தாரகை திரும்பி வந்திருந்தது. முழுக் கப்பல் படம், பக்கம் நிறைய. உடைந்தது எதிரிகளை ஏமாற்ற அனுப்பிய வெற்றுக் கூடாம், ஏழு பேரும் நலமாம். சலூனில் மிட்டாய் கொடுத்தார்கள். தன் பதினாறு பக்கம்தான் காரணம் என்று டாலி கிளார்க் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். கதை எழுதினவர் மனிதர்களுக்குப் பயந்து செத்தவர்களை எழுப்பினால் அதற்குப் பெயர் திருப்பம். எனக்கு அந்த ஆள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஆனாலும் ஆசை விடவில்லை. அன்று சாயங்காலம் சம்மாட்டி வரிசையில் நின்றார். இரண்டு ஆள் தள்ளி, இப்போது வேறொரு வள்ளத்துக்கு ஐஸ் வாங்க வந்திருந்த சுக்கான்காரரும் நின்றார். பெட்டிகளைத் தண்ணீரில் முக்கியதும் நான் எழுந்து வாசிக்க ஆரம்பித்தேன். இந்த முறை ஒரு எழுத்து மாற்றவில்லை, குரலையும் மாற்றவில்லை. தாரகை பிழைத்து வந்த இடத்தை வாசித்தபோது நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லேசாகச் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பாதியில் நிறுத்திவிட்டு, பத்திரிகையைச் சம்மாட்டியிடம் நீட்டினேன். "அண்ணாச்சி, படத்த நீங்களே பாருங்க. அச்சுல வந்துருக்கு."

அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஒட்டுவதற்குக் கேட்பார் என்று நினைத்தேன். தாளை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, முன்பு மடித்திருந்தது போலவே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாருக்கு சார்" என்றார். "இதையும் நீங்கதான் வரஞ்சீங்களா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஐஸ் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, அவர் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.