டிராமில் போகும் தங்கை

டிராம் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் எப்போதோ பூட்டிய ஒரு முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிற தையல் கடை பட்டன் அக்காவுடையது. புதுத்துணி தைப்பதில்லை. நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, இதுதான் பிழைப்பு. டிராம் வருவதற்குள் சட்டைப் பட்டனைத் தைத்து வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் வைத்த பெயர்தான் பட்டன் அக்கா. ஒரு நாள் வங்கிக்காரர் ஒருவர், சட்டையைக் கழற்ற நேரமில்லை, நின்றபடியே தைத்துவிடு என்றார். பாதித் தையலில் வண்டி மணியடித்தது. மனிதர் எடுத்த ஓட்டத்தில் ஊசியும் நூலும் நெஞ்சில் தொங்க வண்டியேறிவிட்டார். "குத்தினா என்னைத் திட்டாதீங்க சார்!" என்று அக்கா கத்தியதில் நிறுத்தமே சிரித்தது.

வாய் ஓயாமல் பேசுகிறவள்தான். ஆனால் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைக்குள் போனால் பேச ஆள் கிடையாது. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கடைசியில் நின்றே போயிற்று. அம்மா இருந்தவரை அவளோடு சண்டை போட்டாவது பொழுது போனது. அவள் போன பிறகு, சில சாயங்காலங்களில் அக்கா கடைக் கண்ணாடியில் தெரிகிற தன் முகத்தையே பார்த்து, "என்ன, சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொள்வாள்.

கூடப் பிறந்த தங்கை ஒருத்தி இருந்தாள். அதே தடத்தில் நாலைந்து நிறுத்தம் தள்ளித்தான் புருஷன் வீடு. இருந்தும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா படுத்த படுக்கையானபோது ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லித் தங்கை மன்றாடினாள். "என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போகாதீங்க" என்றாள் அம்மா. அக்கா அம்மா பேச்சைக் கேட்டாள். அம்மாவின் உடல் கிடந்த அறையில், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "நீதான் அவளைச் சாக விட்டே" என்று சொல்லிவிட்டுத் தங்கை வெளியே போனாள். அதோடு சரி.

ஆனால் காலையில் வேலைக்குப் போகும் டிராமில் தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து போவதை அக்கா தினமும் பார்த்தாள். வண்டி நிற்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் அவள் இளைத்திருக்கிறாளா, சளி பிடித்திருக்கிறதா என்று கணித்துவிடுவாள். அவள் தலையில் நரை தெரிய ஆரம்பித்த காலையில் அக்காவுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. தங்கை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, மேலே போகிற மின்கம்பி அறுந்து, வண்டி நிறுத்தத்திலேயே நின்றுவிட்டது. எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். மழை கொட்டியது. நிறுத்தத்தின் சின்னக் கூரை கொள்ளாமல் பாதிக் கூட்டம் அக்காவின் கடைத் தகரத்துக்கு அடியில் வந்து ஒதுங்கியது. அதில் தங்கையும் இருந்தாள், கடைக்கு முதுகைக் காட்டியபடி. வலது தோள் நனைந்துகொண்டிருந்தது.

அக்கா கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் வாசலுக்கு வந்து, "உள்ளே வந்து நில்லு. நனையறே" என்றாள்.

"பரவாயில்லை."

"எனக்காக வேண்டாம். உனக்கு நனைஞ்சா ஒத்துக்காது."

தங்கை வந்தாள். அக்கா துண்டை நீட்டினாள். அம்மா படுத்திருந்த அறையின் கதவு திறந்தே கிடந்தது. தங்கை அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

"தினமும் ஜன்னல்ல பார்க்கறேன்" என்றாள் அக்கா. "நீதான் திரும்பறதே இல்லை."

"திரும்பினா அழுதுடுவேன்னு பயம்." தங்கையின் குரல் உள்ளே போனது. "உன் கடை தெரியற பக்கம் வெயில் மூஞ்சியிலே அடிக்கும். எதிர்ப்பக்கம் எத்தனையோ இடம் காலியாத்தான் இருக்கும். இருந்தும் இந்தப் பக்கமேதான் உட்காருவேன்."

அக்கா மேஜையில் கிடந்த நூலைச் சுற்றி வைத்தாள். "நான் செஞ்சது சரியா தப்பான்னு எனக்கே இன்னும் தெரியலடி" என்றாள்.

"எனக்கும் தெரியல. தெரியாமலேதான் அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டேன்."

வெளியே மாற்றுப் பேருந்து வந்து ஹாரன் அடித்தது. துண்டை மடித்து வைத்துவிட்டு, "வரேன்க்கா" என்று தங்கை ஓடினாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வர ஆரம்பித்தாள். வந்தால் அக்கா பேசித் தீர்ப்பாள், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மாவைப் பற்றிய பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. வருவதாகச் சொல்லிவிட்டு வராத ஞாயிறுகளும் உண்டு. முன்பெல்லாம் அக்கா அடுப்படியில் நின்றபடியே எதையோ வாயில் போட்டுக்கொண்டு முடித்துவிடுவாள். யாரும் வரப்போவதில்லை என்பது தெரிந்த விஷயம். இப்போது இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு டிராம் நிற்கும்போதும் வாசலுக்கு வந்து, இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். மத்தியானம் போன் வரும்.

"அக்கா, அவருக்குக் காய்ச்சல். இன்னிக்கு வர முடியல."

"அதனாலென்ன, அவரைப் பாரு. அடுத்த வாரம் வா."

போனை வைத்துவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டைச் சூடாக்காமலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.